சிரிக்கக் கூடாத படமும் சுவரில் ஒட்டிய படமும்

2014ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸின் பந்தியோன் மண்டபத்து வாசலைத் தாண்டி நான்கு எட்டு வைத்ததும் அம்மா நின்றுவிட்டார். மண்டபத்தின் தரையில் கறுப்பு வெள்ளை முகங்கள் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருந்தன. கிழவர்கள், கைக்குழந்தைகள், தலையில் துணி கட்டிய பெண்கள், நாக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் என்று அவை பீடத்தை நோக்கி நீண்டு போயின. அவர்களுடைய கண்களின் மேலும் நெற்றியின் மேலும் சுற்றுலாப் பயணிகளின் சப்பாத்துகள் போய்வந்துகொண்டிருந்தன.

"முகத்தில காலை வைக்கிறதோ, பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

அது வெறும் கடதாசிதான், நடப்பதற்காகவே ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் அசையவில்லை. ஆர் பெத்த பிள்ளைகளோ தெரியாது, செருப்பையாவது கழட்டுவம் என்றார். பாடப் புத்தகத்தில் தவறிக் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவரிடம் சமகாலக் கலையைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதற்கு எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவர் செருப்பைக் கழற்றாமல், முகங்கள் இல்லாத சுவரோரமாக, தூணுக்குத் தூண் கைவைத்து நடந்து மண்டபத்தைச் சுற்றிவந்தார். காவலாளி ஒருவர் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சிலையைத் தொடப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

பந்தியோன் பிரெஞ்சுக் குடியரசின் பெருமக்கள் துயிலும் இடம். வோல்தேர், ரூசோ, விக்தர் ஊகோ ஆகியோரின் கல்லறைகள் அதன் நிலவறையில் இருக்கின்றன. "மாமனிதர்களுக்கு நன்றியுள்ள தாய்நாடு" என்று அதன் முகப்பில் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் சென்ற அந்தக் கோடையில், தன் சொந்தத் தகுதிக்காக அங்கே இடம்பெற்றிருந்த பெண் மரி கியூரி ஒருவர் மட்டுமே. குவிமாடத்தைத் திருத்தும் வேலைக்காகச் சாரம் கட்டிப் போர்த்தியிருந்தார்கள். வழக்கமாக அத்தகைய போர்வையில் கைக்கடிகார விளம்பரமோ வாசனைத் திரவிய விளம்பரமோ தொங்கும். அந்த முறை ஜேஆர் என்ற இரண்டெழுத்துப் பெயரால் மட்டும் அறியப்படும் கலைஞரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். படமெடுக்கும் வசதி கொண்ட வண்டியொன்று நாட்டின் பல இடங்களுக்கும் சென்று, வந்து நின்றவர்களையெல்லாம் படம் பிடித்தது. ஏறக்குறைய 4,000 முகங்கள் குவிமாடத்தின் வெளிச்சுற்றிலும் உள்ளேயும் தரையிலும் இடம்பிடித்தன. பெயரோ தொழிலோ எவருக்கும் எழுதப்படவில்லை. பிறரின் முகங்களை ஊரறியக் காட்டும் ஜேஆர், தன் முகத்தை மட்டும் தொப்பிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பின்னால் வைத்திருப்பவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் எனக்குச் சிறு பொறாமை உண்டு, ஏனென்றால் அந்தச் சலுகை எங்களுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

அகதித் தஞ்சம் கேட்டு வந்தவரின் வாழ்க்கை முகப்படத்தில்தான் தொடங்குகிறது. அளவு 35க்கு 45 மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சந்தலை வரை முகம் 32 முதல் 36 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். பின்புலம் வெளிறியதாக இருக்க வேண்டும், தலை நேராக, கண் திறந்து, வாய் மூடி இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. மெத்ரோ நிலையங்களில் திரைச்சீலை தொங்கும் அந்தச் சிறு படப்பெட்டிக்குள், சுழலும் முக்காலியை உயர்த்தித் தாழ்த்தி, கண்ணாடியில் தெரியும் கோட்டுக்குள் முகத்தைப் பொருத்தாத தமிழர் இந்த நகரில் இருக்கமாட்டார். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கற் தகரம் ஒன்று நிறைய இப்படங்கள் கிடக்கின்றன. அம்மாவின் படங்களை வரிசையாக அடுக்கினால் முடி நரைப்பதையும் பொட்டு சிறுத்துக்கொண்டே வருவதையும் காணலாம். எல்லாவற்றிலும் ஒரே முகபாவம். ஒருமுறை, அதிகாலை நான்கரை மணிக்கு வரிசையில் நின்று பத்து மணிக்கு யன்னலை அடைந்தபோது, பொட்டின் பளபளப்பு படத்தில் வெளிச்சத்தைத் தெறிக்கிறது என்று சொல்லி அலுவலர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அம்மா வாதிடவில்லை. பொட்டை எடுத்துக் கைப்பையின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, ஐந்து யூரோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பி நடந்தார்.

இந்தப் படத்தின் பரம்பரை பாரிஸிலேயே தொடங்கியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1880களில் பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்போன்ஸ் பெர்த்தியோன், பிடிபட்டவரின் தலையின் நீள அகலத்தையும் விரல் நீளத்தையும் அளந்து, முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்துக் கோப்பில் சேர்க்கும் முறையை வகுத்தார். 1912இல் பிரெஞ்சு அரசு இயற்றிய சட்டம் அதே முறையைக் குற்றம் ஏதும் செய்யாத நாடோடிக் குடும்பங்களின் மீது சுமத்தியது; ரோமா மக்கள் உள்ளிட்ட அவர்கள் அளவுகளும் படமும் கொண்ட ஒரு கையேட்டை ஊர் ஊராகச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் 1969 வரை உயிரோடு இருந்தது.

இவற்றினும் என்னை உறங்கவிடாதவை, மார்க் கரான்ழே எடுத்த படங்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த அல்ஜீரியாவுக்குக் கட்டாய இராணுவச் சேவைக்காக அனுப்பப்பட்ட அந்த இளைஞரிடம், 1960இல், கிராமத்து மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டைப் படம் எடுக்கும்படி மேலதிகாரி உத்தரவிட்டார். நாளொன்றுக்கு 200 பேர் வீதம் பத்து நாட்களில் சுமார் 2,000 பெண்கள் அவருடைய கமராவுக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்டார்கள். முகத்திரையை விலக்கியே ஆக வேண்டும் என்பது கட்டளை. அன்னியர் முன்னால் முகம் காட்டியிராத அந்தப் பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. தேடிப் பாருங்கள்: உதடுகள் இறுகி, தலைமுடி கலைந்து, படம் எடுப்பவனை எரித்துவிடுவதுபோல் பார்க்கிறார்கள். அட்டைக்காக எடுத்த படங்களைக் கரான்ழே பின்னாளில் பெரிதாக்கிக் காட்சிக்கு வைத்தபோது, அவை அந்தப் போருக்கு எதிரான சாட்சியங்களாகிவிட்டன. எனினும் காட்சிக்கூடத்தில் தொங்குவதற்கும் அந்தப் பெண்களிடம் எவரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை. இந்த முடிச்சை என்னால் இன்றுவரை அவிழ்க்க முடியவில்லை.

இத்தனை முகங்களைக் கோப்பில் வைத்திருக்கும் இதே நாடு, தன் குடிமக்களில் எத்தனை பேர் கறுப்பர், எத்தனை பேர் அரபியர், எத்தனை பேர் தமிழர் என்று எண்ண மறுக்கிறது. குடிசன மதிப்பீட்டுப் படிவம் பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்கும், இனத்தைக் கேட்காது. 1978ஆம் ஆண்டின் தரவுச் சட்டம் அத்தகைய விவரங்களைச் சேகரிப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. இனவாரியான கணக்கெடுப்புக்கு வழிசெய்ய முயன்ற ஒரு சட்டப்பிரிவை 2007இல் அரசியலமைப்பு மன்றம் செல்லாது என்றது. இரண்டாம் உலகப் போரில் யூதர்களைப் பட்டியலிட்டுப் பிடித்துக்கொடுத்த வரலாறு இருக்கும்போது, பட்டியலுக்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் கணக்கில் வெறும் பிரெஞ்சுக்காரர்களாகவும், ரயில் நிலையத்தில் காவலர் மறிக்கும்போது மட்டும் வேறு யாராகவோ ஆகிவிடுகிறார்கள். எண்ணாத நாட்டில் சமூகத்தின் பன்மையைக் காண வேண்டுமானால் கண்ணால்தான் காண வேண்டும். முகங்களைச் சுவரில் ஒட்டும் கலைக்கு பிரான்சில் இவ்வளவு வலு வந்ததற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜேஆரின் பெயர் வெளியே வந்த இடம் பந்தியோன் அல்ல, பாரிஸுக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் ஒட்டியிருக்கும் கிளிஷி-சு-புவா, மொன்பெர்மெய் என்ற இரண்டு ஊர்கள். நான் வாழும் லா கூர்னவ் போலவே அவையும் குடியேறியவர்கள் நிறைந்த 93ஆம் இலக்கப் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2004இல் மொன்பெர்மெய்யின் லே பொஸ்கே தொடர்மாடிகளில் அவர் எடுத்த ஒரு படத்தில், கறுப்பின இளைஞர் ஒருவர் துப்பாக்கியை நீட்டுவதுபோல் எதையோ நம்மை நோக்கி நீட்டுகிறார். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் அது வீடியோ கமரா என்று புரியும். அந்த இளைஞர் லாஜ் லி, பின்னாளில் பெயர்பெற்ற திரைப்பட இயக்குநர். முதற்பார்வையில் துப்பாக்கியைக் கண்டவர்களில் நானும் ஒருத்தி. அதே மாவட்டத்துக்காரி என்பதால் அந்தத் தவறு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2005 ஒக்டோபர் 27 அன்று, காவலர் துரத்துகிறார்கள் என்று ஓடி மின்மாற்றி நிலையமொன்றுக்குள் ஒளிந்த மூன்று சிறுவர்களில் சியெத் பென்னாவும் பூனா திராவோரேயும் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். கிளிஷியில் மூண்ட தீ மூன்று வாரங்கள் நாடெங்கும் பரவியது. தொலைக்காட்சிகள் எரியும் கார்களைக் காட்டியபோது, பின்னாலிருந்த சுவர்களில் ஜேஆர் முன்பே ஒட்டியிருந்த படங்களும் சேர்ந்து தெரிந்தன. அவர் மீண்டும் அங்கே போனார், 28 மில்லிமீற்றர் வில்லையை மட்டும் எடுத்துக்கொண்டு. படக்கலை தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் உடனே புரியும். அகலக் கோண வில்லையால் முகத்தை நிரப்ப வேண்டுமென்றால் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். தொலைக்காட்சிகள் தூரத்திலிருந்து படமெடுத்துப் பூதமாக்கிய இளைஞர்களிடம், அப்படியானால் பூதமாகவே முகத்தை வைத்துக்காட்டுங்கள் என்று கேட்டு அவர் எடுத்த படங்களில் கண்ணை உருட்டுகிறார்கள், கன்னத்தை ஊதுகிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள். அவற்றைச் சுவரொட்டிகளாக்கி, ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தொடர்மாடி முகவரி ஆகியவற்றை அச்சிட்டு, பாரிஸில் வசதியானவர்கள் வாழும் தெருக்களில் அனுமதியின்றி ஒட்டினார்கள். பிறகு பாரிஸ் மாநகர மன்றமே தன் கட்டடத்தில் அவற்றைத் தொங்கவிட்டது.

அந்த முகவரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரும் வயதும் முகவரியும் முகமும் ஒரே தாளில் சேர்ந்திருப்பது காவல்துறைக் கோப்பின் வடிவம். அதையே அந்த இளைஞர்கள் தங்கள் கையில் எடுத்து, கோணல் முகத்தோடு திருப்பி நீட்டினார்கள். 35க்கு 45இல் செய்யக் கூடாதவை அனைத்தையும் அந்தப் படங்களில் அவர்கள் செய்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த முயற்சி இன்னும் புகழ்பெற்றது. 2007இல் ஒரே தொழிலைச் செய்யும் இஸ்ரேலியரையும் பலஸ்தீனரையும் படமெடுத்து, இருபுறத்து நகரங்களிலும் பிரிவினைச் சுவரிலும் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். பார்க்க வந்தவர்களிடம் இவர்களில் யார் எவர் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லத் தெரியவில்லையாம். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் எல்லோரும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு இட்டுச்செல்லும் கண்காட்சிகளின்மீது எனக்குச் சந்தேகம் உண்டு, அந்தச் சந்தேகம் பழையதும்கூட. 1955இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் திரட்டி, மனித குலம் ஒரே குடும்பம் என்ற பொருளில் காட்சிப்படுத்தினார். அக்காட்சி உலகைச் சுற்றிவந்து, இப்போது லக்சம்பேர்க்கின் கிளெர்வோ கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. அது பாரிஸுக்கு வந்தபோது பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் கடுமையாக எழுதினார். பிறப்பும் இறப்பும் உழைப்பும் எங்கும் உண்டு என்று காட்டினால் போதுமா, யார் எப்படிப் பிறக்கிறார்கள், எந்தக் கூலிக்கு உழைக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி என்பது அவர் வாதத்தின் சாரம். கூத்-தோர் பகுதியில் வாழும் வட ஆபிரிக்கத் தொழிலாளரிடம் இந்த மாபெரும் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாமே என்றும் அதில் எழுதினார்.

கூத்-தோர் எங்கேயிருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு தண்டவாளப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பார்த் கேட்கச் சொன்ன கேள்வியை இன்றைக்கு லா சப்பல் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவும் எங்கள் தம்பிமாரிடமும் கேட்கலாம்.

லா சப்பலிலும் முகங்கள் இல்லாமலில்லை. கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல்கள் ஒட்டப்பட்டிருக்கும். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, ஓராண்டு நினைவஞ்சலி என்று திகதியோடு, மாலை வரைந்த சட்டத்துக்குள் ஒரு முகம். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் என இரண்டு ஊர்கள் எழுதியிருக்கும்: புங்குடுதீவு – போண்டி, வல்வெட்டித்துறை – ட்ரான்சி. பன்மைச் சமூகம் என்ற சொல்லுக்கு அந்த இரண்டு வரிகளைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் சுவரில் முகம் ஏறுவதற்கு ஆள் இறந்திருக்க வேண்டும். ஊரிலே அதற்கும் வழியற்றவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் மடியில் வைத்திருந்தவற்றில் பலவும் அடையாள அட்டைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்த சிறு படங்களைப் பெரிதாக்கியவை. பெரிதாக்கியதில் கண்கள் மங்கிப் புள்ளிகளாகத் தெரியும். அஞ்சலி என்று எழுத அந்தத் தாய்மாருக்குச் சம்மதமில்லை, எனவே மாலையும் இல்லை. அதை எந்தக் கலை விமர்சகரும் நிறுவல் கலை என்று எழுதியதாக நான் படிக்கவில்லை. எழுதாதது நல்லதென்றே நினைக்கிறேன்.

அம்மாவை மொன்பெர்மெய்க்கு அழைத்துப் போனது சென்ற வசந்தத்தில். லா கூர்னவிலிருந்து ஆர்.ஈ.ஆர் புறநகர் ரயிலின் 'பி' தடத்தில் ஒல்னே, அங்கிருந்து நான்காம் இலக்க ட்ராம், கர்கானில் இன்னொரு ட்ராம். இந்த இரண்டாவது கிளை 2019 முடிவில்தான் திறந்தது. அதுவரை கிளிஷி-சு-புவாவுக்கு ரயிலோ ட்ராமோ கிடையாது. பாரிஸ் தெரியும் தூரத்தில் இருந்துகொண்டு அங்கே வேலைக்குப் போய்வர பஸ்ஸிலேயே நாளின் பாதி கழிந்துவிடும். கலவரத்தின் காரணங்களை ஆராய்ந்த எத்தனையோ அறிக்கைகளைவிட இந்த ட்ராமில் ஒருமுறை ஏறி இறங்குவது பயன் தரும்.

2017இல் ஜேஆர் அந்த இரண்டு ஊர்களின் கதையை ஒரே நீண்ட சுவர்ப்படமாகச் செய்தார். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியங்கள் அதற்கு முன்மாதிரி. ஏறக்குறைய 750 பேரைத் தனித்தனியே படமெடுத்து ஒரே காட்சிக்குள் பொருத்தியிருக்கிறார். எப்படித் தோன்ற வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தாங்களே தீர்மானித்தார்கள். கலவரத்தில் நின்றவர்களும் காவலரும் ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோரும் ஒன்று என்று அந்தச் சுவர் சொல்லவில்லை. பலர் ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பாரிஸில் காட்டப்பட்ட படைப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி பிரான்சுவா ஒல்லாந்து வந்து திறந்துவைக்க, லே பொஸ்கேயில் நிலையாக நிறுத்தப்பட்டது. முகங்கள் தங்கள் சொந்தத் தெருவுக்குத் திரும்பின. நான் பார்த்த முகக் காட்சிகளில் இதை முதலிடத்தில் வைப்பதற்கு அந்தத் திரும்புதலே காரணம்.

அன்று இலேசான தூறல். காலுக்குக் கீழே எதுவும் இல்லாததால் அம்மா நிம்மதியாக நடந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இடது மூலையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துவந்தார். தமிழ் முகம் தேடுகிறார் என்று நினைத்தேன். கேட்டதற்கு, இல்லை, எத்தனை பேர் சிரிக்கினம் எண்டு பாக்கிறன் என்றார்.

அப்போது கையில் ரொட்டியோடு வந்த இளைஞர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று சுவரை ஆராயத் தொடங்கினார். தன் மாமா இதில் இருப்பதாகவும், எத்தனை முறை வந்தாலும் இடம் மறந்துபோவதாகவும் சொன்னார். கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் தொலைபேசியை எடுத்து மாமாவையே அழைத்தார். எங்கே நிற்கிறாய்? இல்லை, வீட்டிலா என்று கேட்கவில்லை, சுவரில் எங்கே நிற்கிறாய்? மறுமுனையில் குரல் உயர்வது எங்களுக்கும் கேட்டது. தொப்பிக்காரருக்குப் பின்னால் என்று பதில் வந்தது. எந்தத் தொப்பிக்காரர்? இங்கே பத்துப் பேர் இருக்கிறார்களே. இளைஞர் நாலடி இடப்பக்கம் நகர்ந்தார். அம்மாவும் கூடவே நகர்ந்து, பிரெஞ்சு அரைகுறையாகப் புரிந்த நிலையிலும், தொப்பிகளை ஒவ்வொன்றாக விரல்நீட்டிக் காட்டத் தொடங்கினார்.

"இந்தாளோ? கேளுங்கோ தம்பி, கோட்டுப் போட்டிருக்கிறாரோ எண்டு கேளுங்கோ."